குறைமாதப் பாப்பாவுக்கு 4 மாதம் முடிஞ்சும் தலை நிக்கலை. எந்தத் தேதியிலிருந்து கணக்கு வைக்கறது?

பனித்துளி
அக்டோபர் 14, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கங்க. ரெண்டு நாளா எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு, இன்னிக்குப் பாப்பா தூங்கினதும் உட்கார்ந்துட்டேன். திருப்பூர் பக்கம் எங்க ஊர். எனக்கு இதுதான் முதல் குழந்தை.

32 வாரத்துல பி.பி. ஏறிப் போச்சு. முகம், கால் எல்லாம் வீங்கி, கண்ணுல பூச்சி பறந்த மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. ஜூன் 3. டாக்டர் முன்னாடி குறிச்சுக் கொடுத்திருந்த தேதி ஜூலை 29. பிறந்தப்போ எடை 1,450 கிராம். என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும்தான் இருந்தா. 31 நாள் என்.ஐ.சி.யு.வுல, அதான் பச்சைக் குழந்தைங்க தீவிர சிகிச்சை வார்டுல வெச்சிருந்து, 1,830 கிராம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பினாங்க. இப்ப 4 கிலோ 700. தாய்ப்பால்தான்.

என் நாத்தனார் பையன் ஜூன் 9-ல பிறந்தவன். நிறைமாசம், 3 கிலோவுக்கு மேல. போன ஞாயித்துக்கிழமை குப்புறக் கவிழ்ந்துட்டான். வாட்ஸ்அப்புல வீடியோ வந்துச்சு, இனிப்பு செஞ்சு தெருவுக்கே கொடுத்தாங்க. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்த வீடியோவைப் பார்த்துட்டு என் மகளைத் திரும்பிப் பார்த்தப்போ வயித்தைப் பிசைஞ்சுது.

அவளுக்குத் தலை நிக்கலைங்க. தோள்ல போட்டா ரெண்டு மூணு நொடி தூக்கறா, அப்புறம் நெத்தி என் காரை எலும்புல வந்து இடிக்குது. ரெண்டு கையையும் பிடிச்சு மெதுவா எழுப்பினா தலை பின்னால தொங்குது. பாதி நேரம் கையை மூடியே வெச்சிருக்கா. குக்கர் விசில் அடிச்சா ரெண்டு கையையும் விரிச்சுத் தூக்கிப்போட்டு அழறா. முகம் பார்த்துச் சிரிச்சதே செப்டம்பர் 16-ல தான். காலைல ஏழு மணி, துணி மாத்திட்டு இருந்தேன். என்னைப் பார்த்துச் சிரிச்சா. நான் அழுதுட்டேன்.

எங்க அத்தை மேல குறை சொல்லலை. ராத்திரி எனக்காக முழிச்சிருந்து பாப்பாவை வாங்கிக்கறவங்க அவங்கதான். ஆனா தினமும் ஒரு தடவையாவது "நாலு மாசத்துல தலை நிக்கணுமே கண்ணு" ன்னு கேட்கறாங்க. பக்கத்து வீட்டு அக்கா, எண்ணெய் போட்டுக் கழுத்தை உருவி விடற ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்கறாங்க. டாக்டர்கிட்ட கேட்டேன். "கரெக்டட் ஏஜ் பார்த்துக்கங்கம்மா" ன்னு ஒரே வார்த்தை, அதுக்குள்ள அடுத்த டோக்கன் உள்ள வந்துட்டாங்க. அதை எப்படிப் பார்க்கறது? என் பொண்ணு வளர்ச்சி சரியா இருக்கா, நான் எதையாவது தவற விடறேனா?


நாஞ்சில் அம்மா
அக்டோபர் 15, காலை 6:15

பிள்ளை முழிக்கதுக்கு முன்ன எழுதிருகேன். எனக்க மவன் 29 வாரத்துல பிறந்தவன், 1,120 கிராம். இப்ப ரெண்டாம் கிளாஸ் படிக்கான், பள்ளிக்கூட வேன்ல ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகான்.

அவனுக்குத் தலை நின்னது பிறந்து 6 மாசத்துல. கவிழ்ந்தது எட்டாவது மாசம். நான் அவனைப் பக்கத்துல வெச்சுப் பார்க்காத பிள்ளை எங்க தெருவுல இல்ல. ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள்ள எரிஞ்சு தீர்ந்தேன். 11 வாரம் முன்ன வந்தவன் 11 வாரம் பின்னால செய்யுதான், அவ்வளவுதான்னு எனக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்டல்ல. உங்களுக்காவது அது சீக்கிரம் புரியட்டும்.

ஒண்ணு மட்டும் சொல்லுகேன். என்.ஐ.சி.யு.வுல கங்காரு மாதிரி நெஞ்சோட வெச்சுக்கச் சொன்னாங்கல்லா, அதை வீட்டுக்கு வந்த பிறகு நிறைய பேரு விட்டுருவாங்க. நான் விடல்ல. மூணு கிலோ ஆகறது வரை சட்டைக்குள்ள போட்டுட்டே இருந்தேன், எனக்க மாப்பிள்ளையும் ஆபீஸ் விட்டு வந்து ஒரு மணி நேரம் வெச்சிருப்பாரு. இன்குபேட்டர் பத்தாம கொலம்பியா நாட்டுல பொகோட்டா ஆஸ்பத்திரியில 1978-ல தொடங்கின முறையாம், அங்க இருந்த நர்ஸம்மா சொன்னாங்க. நெஞ்சு மேல கிடக்கும்போதுதான் எனக்க மவன் முதல்ல தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.


ஓய்வுபெற்ற செவிலியர்
அக்டோபர் 15, மதியம் 2:05

பனித்துளி, நான் பெரம்பலூர் மாவட்டத்தில் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் டாக்டர் இல்லை. ஆனால் உன் மகள் மாதிரிக் குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். நிதானமாகப் படிம்மா.

முதலில் கணக்கு. ஜூன் 3-லிருந்து அக்டோபர் 14 வரை 19 வாரம். உன் மகள் 40 வாரம் இருக்க வேண்டிய இடத்தை 32-லேயே விட்டு வந்துவிட்டாள், அதனால் 8 வாரத்தைக் கழி. 11 வாரம். அதாவது உன் மகளுக்கு வளர்ச்சிக் கணக்கில் வயது இரண்டரை மாதம். டாக்டர் சொன்னது இதைத்தான். சுலபமாக வேண்டுமென்றால் ஜூலை 29-ஐ அவளுடைய இன்னொரு பிறந்தநாளாக வைத்துக்கொள். இரண்டு வயது முடியும் வரை தலை நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

இப்போது நீ எழுதியதையே திரும்பப் பார். செப்டம்பர் 16-ல் சிரித்தாள். ஜூலை 29-லிருந்து அது 7 வாரம். நிறைமாதக் குழந்தைகள் முகம் பார்த்துச் சிரிப்பது 6 முதல் 8 வாரத்துக்குள். அவள் ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லையம்மா. தோளில் இரண்டு மூன்று நொடி தலையைத் தூக்குவதும், தூக்கி எழுப்பும்போது தலை பின்தங்குவதும் இரண்டரை மாதத்துக்கு உரியவைதான். சத்தத்துக்குக் கையை விரித்துத் தூக்கிப்போடுவது பயம் இல்லை, பிறவியிலேயே வரும் ஓர் அனிச்சைச் செயல். நாலு மாதத்துக்கு மேல் மெல்ல மறைந்து, ஆறாவது மாதத்துக்குள் போய்விடும். கை விரல்கள் மூன்று மாத வாக்கில் விரியும். இவை எல்லாமே ஜூலைக் கணக்கில்.

குறைமாதக் குழந்தைக்குக் கழுத்து ஏன் தொய்வாக இருக்கிறது என்று தாய்மார்கள் கேட்பார்கள். வயிற்றுக்குள் தசைக்கு முறுக்கு ஏறுவது காலிலிருந்து மேலே வரும். 28 வாரத்தில் குழந்தை நனைத்த துணி மாதிரிக் கிடக்கும். 32-ல் காலை மடக்கத் தொடங்கும். 36-ல் கையும் கொஞ்சம் மடங்கும். கடைசி நாலு வாரம் இடம் போதாமல் உருண்டையாகச் சுருண்டு, முழங்கால் வயிற்றில் ஒட்ட, அந்த நெருக்கத்திலேயே வலு சேரும். உன் மகளுக்கு அந்த எட்டு வாரம் மல்லாந்த மேனிக்கு என்.ஐ.சி.யு. படுக்கையிலும் உன் வீட்டுப் பாயிலும் கழிந்திருக்கிறது. பிறந்த பிறகு வரும் கட்டுப்பாடு மேலிருந்து இறங்கும்: கண், கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, கடைசியில் கால். கழுத்து முதல் படி என்பதால் அதில்தான் தாமதம் கண்ணுக்குப் படுகிறது.

கழுத்தை உருவ யாரையும் விடாதே. இதை உன் அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல். மேலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கையையும் காலையும் மெதுவாகத் தேய்த்து விடுவதில் தவறில்லை. கழுத்தை நீவுவது, தலையைப் பிடித்துத் தூக்குவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, ஊதுவது, குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவது இவை வேண்டாம். குறைமாத நுரையீரல் புகையைத் தாங்காது. கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பித் தலை நிற்கிறதா என்று தினமும் சோதிக்கவும் செய்யாதே, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பால் குடித்து அரைமணி கழித்து, அவள் நன்றாக முழித்திருக்கும்போது, நீ சாய்ந்து உட்கார்ந்து உன் நெஞ்சின் மேல் குப்புறப் போடு. உன் முகம் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும், அவளுக்கு மிகத் தெளிவாகத் தெரிகிற தூரம் அதுதான். கூப்பிடு, பேசு. இரண்டு மூன்று நிமிஷம் போதும், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. அழுதால் நிறுத்திவிடு. தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்க, சமமான படுக்கையில். தூளியில் இவ்வளவு சின்னக் குழந்தையைப் போட்டால் முகவாய் நெஞ்சில் குத்தி மூச்சு நெருக்கும், கழுத்து நிற்கும் வரை வேண்டாம்.

எங்களுக்குப் பயிற்சியில் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை வரைந்திருக்கும். சீக்கிரம் செய்கிற குழந்தையின் வயதில் தொடங்கி, நிதானமாகச் செய்கிற குழந்தையின் வயதில் முடியும். குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலை நிறுத்தி வைப்போம். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டை எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால்தான் மேலே அனுப்புவோம். பட்டைக்கு நடுவில் பென்சில் நின்றால் காத்திருப்போம். தாய்மார்களிடம் அந்தப் பட்டையின் நீளத்தைக் காட்டிவிட்டுத்தான் வருவேன். "இந்த மாதம்" என்று ஒற்றைப் புள்ளியாக அதில் எதுவுமே கிடையாது.

ஜூலைக் கணக்கிலும் கீழே சொல்பவை இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போ: மூன்று மாதம் முடிந்தும் முகத்தைக் கண்ணால் தொடராதது, முகம் பார்த்துச் சிரிக்காதது, கட்டைவிரல் உள்ளே மடங்கிக் கை இறுகியே இருப்பது, காலை கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்வது, அடிக்கடி வில்லாகப் பின்னால் வளைவது, ஒரு கையை மட்டும் அசைப்பது, ஐந்து மாதம் ஆகியும் தலை நிற்காதது.

இதில் எதையும் நீ எழுதவில்லை, அதனால் தலையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு வேறு நாலு விஷயம் தெரிய வேண்டும். கண் பரிசோதனை எத்தனை தடவை ஆனது, கடைசியாக டாக்டர் என்ன சொன்னார்? காதுப் பரிசோதனை ஆனதா? தடுப்பூசி எதுவரை போட்டிருக்கிறது? இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுக்கிறாயா?


பனித்துளி
அக்டோபர் 15, இரவு 10:20

அம்மா, நீங்க எழுதினதை அத்தைக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன். 7 வாரத்துல சிரிச்சிருக்கான்னு சொன்ன இடத்துல என்னை நிறுத்தச் சொல்லி, விரல் விட்டு அவங்களே எண்ணிப் பார்த்தாங்க.

நீங்க கேட்ட நாலும்: கண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்தாங்க. 27-வது நாள் ஒண்ணு, டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு. "நரம்பு இன்னும் ஓரம் வரைக்கும் வளரலை, ரெண்டு வாரத்துல வாங்க" ன்னு சொன்னாங்க. அப்புறம் நான் தாராபுரம் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். அவ முகத்தை நல்லாப் பார்க்கறா, சிவப்புத் துண்டைக் காட்டினா கண்ணு கூடவே வருது, அதனால போகலை. காதுக்கு டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு சின்னக் குழாய் வெச்சுப் பார்த்தாங்க. இடது காதுக்குத் திரும்ப வரணும்னு சீட்டுல எழுதியிருக்கு. ஊசி, 6 வாரத்துல போட வேண்டியதை 8-வது வாரம் போட்டோம். அடுத்தது போடலை, இவ்வளவு சின்ன உடம்புக்குத் தாங்குமான்னு பயம். சொட்டு மருந்து ஒரு மாசமா நிறுத்திட்டேன், மலம் கறுப்பாப் போச்சு.

எழுதும்போதே கை நடுங்குதுங்க.


ஓய்வுபெற்ற செவிலியர்
அக்டோபர் 16, காலை 5:50

கை நடுங்க வேண்டாம் கண்ணு. ஆனால் இன்றைக்கே கிளம்பு.

நான் நேற்று சொன்ன கழித்தல் கணக்கு வளர்ச்சிக்கு மட்டும்தான். தடுப்பூசிக்கும் கண்ணுக்கும் அது பொருந்தாது, அங்கே ஜூன் 3 தான்.

கண்தான் முதல் வேலை. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவில் தொடங்கி ஓரம் வரை போய்ச் சேர ஏறத்தாழ 40 வாரம் பிடிக்கும். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் கீழோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பார்க்கச் சொல்வது அதனால்தான். பாதியில் வெளியே வந்த குழந்தைக்கு அந்தக் குழாய்கள் கோணல்மாணலாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துவிடக் கூடும். ஆர்.ஓ.பி. என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் எந்த வித்தியாசமும் தெரியாது. அவள் துண்டைத் தொடர்வது நல்ல அடையாளம்தான், ஆனால் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்த டாக்டர் "முழுசாக வளர்ந்துவிட்டது, இனி வர வேண்டாம்" என்று தன் வாயால் சொல்லும் வரை அந்தப் பரிசோதனை முடியவில்லை. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு, போன் செய்துவிட்டுப் போ. எனக்கு நேரில் பழக்கமான ஒரு வீட்டில் இதே மாதிரி "நன்றாகத்தான் பார்க்கிறான்" என்று ஒரு தடவை விட்டார்கள். அந்தப் பையனைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

காது: குழாய் வைத்துப் பார்த்ததில் ஒரு காது திரும்பப் பார்க்க வேண்டும் என்றால் செவிடு என்று அர்த்தம் இல்லை, காதில் மெழுகு மாதிரி இருந்தாலும் அப்படி வரும். ஆனால் என்.ஐ.சி.யு.வில் இருந்த குழந்தைக்கு, சத்தம் காதிலிருந்து மூளை வரை போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பெரா என்ற சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். தூக்கத்தில் செய்வது, வலி இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேள். 2013-லிருந்து பள்ளிச் சிறார், பச்சைக் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் அமைத்த மையம். காது, கண், பிசியோ எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள்.

தடுப்பூசி: சின்ன உடம்பு என்பதால்தான் நாள் தவறாமல் போட வேண்டும். கக்குவான் இருமல் பெரிய குழந்தைக்கு இருமல், இவளுக்கு மூச்சே நின்றுபோகிற விஷயம். முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து 4 வார இடைவெளியில் போடுவார்கள். உங்கள் செவிலியரிடம் தாய் சேய் அட்டையைக் காட்டினால் போதும்.

சொட்டு மருந்து: இரும்புச்சத்து கொடுத்தால் மலம் கறுக்கத்தான் செய்யும். தாய் குழந்தைக்கு இரும்பைச் சேமித்துக் கொடுப்பது கடைசி மூன்று மாதத்தில், அது இவளுக்குக் கிடைக்கவில்லை. இப்போதைய எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுத் திரும்ப ஆரம்பி.

யார் மேலும் தப்பில்லை. நாலு மாதம் தூங்காத ஒரு பெண்ணிடம் அவசரமாக ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினால் இப்படித்தான் ஆகும். போய்வந்து எழுது, நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.


மல்லிகைப்பந்தல்
அக்டோபர் 16, மாலை 4:30

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், பேத்தி 35 வாரத்தில் பிறந்தாள். மருத்துவம் தெரியாது. பிள்ளைத்தமிழ் நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம் என்று கரும்பலகையில் எழுதுவேன். குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி முகத்தை அசைத்து ஆடும் பருவம் அது. தால் ஏழு, சப்பாணி ஒன்பது. பேத்தி ஐந்தாம் மாதத்தில் செங்கீரை ஆடவில்லை என்று நான் உள்ளூரக் கலங்கியிருந்தேன். அவள் ஆறாம் மாதத்துக்குப் பிறகு, ஒரு மாலை என் வேட்டி மேல் கவிழ்ந்து கிடந்தவள், தலையை நிமிர்த்தி இப்படியும் அப்படியும் பார்த்தாள். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு அன்றுதான் அந்தச் சொல் புரிந்தது. உங்கள் மகளும் ஆடுவாள் அம்மா. கண் பரிசோதனைக்கு முதலில் போய் வாருங்கள்.


பனித்துளி
டிசம்பர் 20, மதியம் 1:10

இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிச்சிடுங்க. அக்டோபர் 16-ந் தேதியே கிளம்பினோம். அவர் கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு வந்தார். கண்ணுல சொட்டு விட்டு ஒரு மணி நேரம் உட்கார வெச்சாங்க. அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. டாக்டர் பார்த்துட்டு, ரெண்டு கண்ணுலயும் நரம்பு ஓரம் வரைக்கும் வந்து முடிஞ்சிருச்சு, இனி ஒரு வயசுல வந்து கண்ணாடி தேவையான்னு பார்த்தாப் போதும்னு சொன்னாங்க. அவர் வெளிய போய் சுவரைப் பார்த்து நின்னுட்டு இருந்தார்.

பெராவுக்கு முதல் தடவை பாப்பா தூங்கவே இல்லை, திருப்பி அனுப்பிட்டாங்க. நவம்பர் 3-ல காலைல நாலு மணிக்கே எழுப்பி விளையாட்டுக் காட்டி, பஸ்ல தூங்க விடாம கூட்டிட்டுப் போனோம். ரெண்டு காதும் நல்லா இருக்கு. ஊசி விட்டதெல்லாம் போட்டாச்சு. சொட்டு மருந்து கொடுக்கறேன், கறுப்பாத்தான் போகுது.

தலை டிசம்பர் முதல் வாரத்துல நின்னுடுச்சு. மாமா தோள்ல இருந்தா, வாசல்ல காக்கா கத்துச்சு, சத்தம் வந்த இடது பக்கமாத் தலையைத் திருப்பித் தேடினா. தலை ஆடவே இல்லை. அத்தை காலண்டர்ல ஜூலை 29-ஐ வட்டம் போட்டு, அந்தத் தாளைக் கிழிக்காம எடுத்து பீரோவுல ஒட்டி வெச்சிருக்காங்க. யார் வந்து வயசு கேட்டாலும் அதைக் காட்டி அவங்களே கணக்குச் சொல்றாங்க.

ஒண்ணு கேட்கணும் அம்மா. ஆறு மாசம் ஆச்சே, கேழ்வரகுக் கஞ்சி ஆரம்பிக்கலாமான்னு அத்தை கேட்கறாங்க. இதுக்கு ஜூனா, ஜூலையா?


ஓய்வுபெற்ற செவிலியர்
டிசம்பர் 20, மாலை 6:45

கண் விஷயம் படித்ததும் சாமி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டேன் கண்ணு.

கஞ்சிக்கு இரண்டு தேதியும் தனியாகப் போதாது. மடியில் சாய்த்து உட்கார வைத்தால் தலை ஆடாமல் நிற்கிறதா, நீங்கள் சாப்பிடும்போது கையைப் பார்த்து வாயைத் திறக்கிறாளா, வெறும் கரண்டியை உதட்டில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறாளா என்று பத்து நாள் பார். மூன்றும் இருந்தால், அடுத்த தடவை எடை போடப் போகும்போது டாக்டரிடம் சொல்லி அவர் சரி என்ற பிறகு ஆரம்பி. அதுவரை பால் மட்டும். தேன் மட்டும் ஒரு வயது வரை யார் கொடுத்தாலும் நாக்கில் தடவாதே. அத்தைக்கு என் வணக்கம் சொல்.